கதவு எண் 1, புதுத் தெரு

பச்சைமுத்துவின் வீட்டுக்கு வழி கேட்பவர்கள் முதலில் இது என்ன மாதம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கேட்டால் ஊரில் யாராலும் வழி சொல்ல முடியாது.

திண்டிவனத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே வரும் தார் ரோட்டுக்கு வடக்கில் அவருடைய சொந்த நிலம். நிலத்தின் நடுவில் வீடு. தார் ரோட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் பக்கத்து நிலத்துக்காரர் சக்கரபாணியின் புன்செய்க் கொல்லை கிடந்தது. ஆடியில் சக்கரபாணி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்துவிட்டால் கிழக்கு வரப்பில் ஏறி, மோட்டார் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கார்த்திகையில் பிடுங்கி முடித்ததும் கொல்லை சும்மா கிடக்கும். அப்போது குறுக்கே நேராக நடந்து வரலாம். அடுத்த ஆடி வரை அதுதான் வழி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, இதற்காக யாரும் சண்டை போட்டதும் இல்லை. சீட்டுக் கம்பெனி ஆள், கல்யாணத் தரகர், கறவைக்காரர் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரியும். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் மட்டும் எந்த மாதமானாலும் குறுக்கேதான் வருவார்கள். கும்பிட்டுக்கொண்டே நடப்பதால் அவர்களுக்குக் காலடியில் இருப்பது தெரிவதில்லை.

இப்படியாக முகவரி என்று ஒன்று இல்லாமலேயே பச்சைமுத்து நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார். மகள் கலைமதி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித் தொலைத்ததில்தான் வினை ஆரம்பித்தது. அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற மார்க்தான். விண்ணப்பத்தோடு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும், ஆனி முடிவதற்குள் வேண்டும், அதை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றார்கள்.

வைகாசியில் ஒரு நாள் அப்பாவும் மகளும் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் மையத்துக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ரோஸ்லின் என்ற பெண் இருந்தாள். வருகிறவர்களின் வாழ்க்கையை எல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுவது அவள் வேலை. அதைச் சிரித்த முகத்தோடு செய்தாள்.

"கதவு நம்பர் சொல்லுங்கண்ணா."

"கதவு இருக்குதுமா. நம்பர் இல்ல."

"காலியா உட்டா கட்டம் செவப்பாவுது பாருங்க. சைபர் போட்டுப் பாக்கறேன்." கம்ப்யூட்டர் சைபரை ஒப்புக்கொள்ளவில்லை. ரோஸ்லின் யோசித்தாள். "உங்க வூட்டுக்கு முன்னாடி வேற வூடு எதுனா இருக்குதா?"

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல."

"அப்ப நீங்கதான் ஒண்ணு," என்று அடித்தாள். "பக்கத்துல அடையாளம் சொல்ற மாதிரி இன்னா இருக்குது?"

"எருமை இருக்குது."

"நிரந்தரமா இருக்குமா?"

"கன்னு போட்டா வித்துடலாம்னு இருக்கோம்."

ரோஸ்லின் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். கோட்டை ஒப்புக்கொண்டது. அடுத்தது தெரு. தெரு இல்லை என்று பச்சைமுத்து சொன்னார். சிவப்பானது. இப்போது வந்தால் சக்கரபாணி கொல்லை, ஆடிக்கு அப்புறம் வந்தால் கிழக்கு வரப்பு என்று விளக்கினார். கலைமதி காகிதத்தில் படம் போட்டே காட்டினாள்.

ரோஸ்லினுக்கு நல்ல மனசு, அதைவிட நல்ல மூளை. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என்று இரண்டு இடம் இருப்பதை அவள் கவனித்தாள். நிரந்தரம் என்ற இடத்தில் 'கிழக்கு வரப்பு' என்றும், தற்காலிகம் என்ற இடத்தில் 'சக்கரபாணி கொல்லை' என்றும் அடித்தாள். பச்சைமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போகும் வழியை இவ்வளவு சரியாக அதுவரை யாரும் எழுதியதில்லை. அதனாலேயே அது நிற்கவில்லை.

ஒரு வாரத்தில் போனில் செய்தி வந்தது. "விண்ணப்பதாரர் ஒரே நேரத்தில் இரு தெருக்களில் வசிப்பதாகத் தெரிகிறது. இரண்டு தெருக்களும் கிராமத் தெருப் பட்டியலில் இல்லை. நிராகரிக்கப்பட்டது." கலைமதி அதைப் படித்துக் காட்டிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள். அழுதிருப்பாள். பச்சைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கக் கிளம்பினார்.

அலுவலர் கோகுலகிருஷ்ணன் பழகுவதற்கு இனியவர். கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் மாமியாரைக் கண்ட புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருவார்.

"வா பச்சைமுத்து. பாப்பாவோட மஞ்சத்தண்ணிக்கு உங்கூட்டுல சாப்ட்டது. அந்தக் கத்திரிக்கா கொழம்பு இன்னும் நாக்குலயே இருக்குது."

"அந்த வூட்டுக்குத்தாங்க சர்ட்டிபிகேட்டு கேக்கறேன். நீங்க வந்து சாப்ட்டுப் போன வூடுதான?"

"வந்தேன். யாரு இல்லன்னா? அது தனிப்பட்ட முறையில வந்தது. அரசாங்க முறையில உன் வூட்ட நான் பார்த்ததே இல்ல."

"அப்ப ஒருதரம் அரசாங்க முறையில வந்து பாருங்களேன்."

"வரலாம். எந்தத் தெருவுக்கு வரட்டும்?" கோகுலகிருஷ்ணன் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "எனக்கு நீ யாருன்னு தெரியும். உங்கப்பாவத் தெரியும். உன் நெலத்தோட நாலு மூலையும் தெரியும். ஆனா, இந்தப் பச்சைமுத்துவத் தெரியுமான்னு சிஸ்டம் கேக்கலியே. இந்தத் தெருவுல இருக்கறாரான்னு கேக்குது. நான் இல்லன்னு அமுத்தினேன். பொய் சொல்லக் கூடாதில்ல?"

ஒருவன் தன்னைத் தெரியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே தன்னை இல்லை என்று அமுக்கினால் அவனிடம் என்னத்தைப் பேசுவது? கோகுலகிருஷ்ணன்தான் வழி சொன்னார். விழுப்புரத்தில் முகவரி ஒழுங்குபடுத்தும் சிறப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை முகாம் போடுகிறார்கள், அங்கே போ என்றார்.

வெள்ளிக்கிழமை மனைவி பாஞ்சாலியும் கூட வந்தாள். பாஞ்சாலி வாய்க்காரி. ஊரில் எந்த ஆபீசுக்குப் போனாலும் அவளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போவதுதான் பச்சைமுத்துவின் வழக்கம். மகள் விஷயம் என்பதால் இந்தத் தடவை அவள் வெளியே நிற்க மறுத்துவிட்டாள்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் வாங்குவதற்கு முகவரி வேண்டும் என்றார்கள். முகவரி இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்றாள் பாஞ்சாலி. அது உள்ளே போய்ச் சொல்ல வேண்டியது, உள்ளே போக டோக்கன் வேண்டும் என்றார் கொடுப்பவர். கடைசியில் அவரே மனமிரங்கி எல்லோருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அன்று காலை அந்த மண்டபத்தில் நானூறு குடும்பங்கள் வசித்தன.

மேடையில் சிறப்புப் பிரிவின் தலைமை அதிகாரி வேங்கடேசன் மைக்கைப் பிடித்தார். பழுத்த அனுபவசாலி. பேச்சை ஆரம்பிக்க வேறு யாராவது வேண்டும், முடிக்க மின்வெட்டு வேண்டும்.

"எங்கள் பிரிவின் எல்லைக்குள் முகவரி இல்லாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். முகவரி இல்லாதவர்கள் உடனே தெரியப்படுத்தவும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தபால் அனுப்பினோம். ஒரு பதில்கூட வரவில்லை. முகவரி சரியில்லை என்று திரும்பி வந்த தபால் ஒரு மூட்டை இருக்கிறது. அது தபால்காரர்கள் பிரச்சினை. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. அப்படியானால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற நீங்களெல்லாம் யார்? உங்களுக்கு முகவரி இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது தவறு. முகவரிகள் எல்லாம் எங்களிடம் தயாராக இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ற இடத்தில் நீங்கள்தான் வீடு கட்டாமல் போய்விட்டீர்கள்."

முன்வரிசையில் இருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள். பச்சைமுத்துவும் தட்டினார். பாஞ்சாலி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மத்தியானம் வேங்கடேசனின் மேசைக்கு அவர்கள் முறை வந்தது. கம்ப்யூட்டரில் ஆகாயத்திலிருந்து எடுத்த படம் தெரிந்தது. பச்சைமுத்து தன் வீட்டை உடனே கண்டுபிடித்தார். எருமைகூட ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது. சிறப்புப் பிரிவு கண்ட முதல் அடையாளம் அதுதான்.

"வீடு இருக்கு. ரோடு இருக்கு. நடுவுல தெருவ மட்டும் காணோம்," என்றார் வேங்கடேசன். "ஒரு தெரு போட்டுடலாம்." மவுஸ் என்கிற எலியைப் பிடித்துத் தார் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் சக்கரபாணி கொல்லையின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். கம்ப்யூட்டர் கத்தியது.

"பாத்தீங்களா, ஒத்துக்கல. ஒரு தெரு ஒரே வீட்டோட முடிஞ்சிட்டா அது தெரு இல்ல. அந்த வீட்டோட வாசல். தெருன்னா எங்கயாவது போகணும்."

"எங்க போவணும்?" என்றாள் பாஞ்சாலி.

"அது உங்க இஷ்டம்மா. நாங்க கட்டாயப்படுத்தறதில்ல." அவர் கோட்டை இன்னும் இழுத்தார். கோடு வீட்டின் மேல் ஏறி, கொட்டகையைக் கடந்து, ஏரிக்கரையில் போய் முட்டியது. கம்ப்யூட்டர் பச்சை விளக்குக் காட்டியது. "அகலம் இருபதடி. அதுக்குக் கொறஞ்சா தெருவுக்கு மரியாதை இல்ல. பேரு?"

மல்லாட்டைத் தெரு என்று வைக்கலாமா என்று பச்சைமுத்து கேட்டார்.

"பயிர் பேரு கூடாது. நாளைக்கு நீங்க எள்ளு வெதச்சா நான் தெரு பேர மாத்திக்கிட்டு இருக்க முடியாது." புதுத் தெரு என்று அவரே அடித்தார். அன்றைக்குச் சாயங்காலமே சான்றிதழ் வந்துவிட்டது. கதவு எண் 1, புதுத் தெரு. பஸ்ஸில் வரும்போது பச்சைமுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். பாஞ்சாலி மட்டும், "கோடு நம்ம வூட்டு மேல ஏறிச்சே, பாத்தியா?" என்றாள். "கம்ப்யூட்டர் கோடுதான மே, அது இன்னா பண்ணப் போவுது" என்றார் அவர். தன் வாழ்நாளில் இவ்வளவு அசட்டுத்தனமாக அவர் வேறு எதையும் சொன்னதில்லை.

ஆடி பிறந்தது, மழை பெய்தது. சக்கரபாணி வழக்கம்போல் மல்லாட்டை விதைத்தார். புதுத் தெரு மண்ணுக்கடியில் போனது. ஆவணியில் கலைமதிக்குச் சென்னையில் இடம் கிடைத்து, பெட்டியோடு கிழக்கு வரப்பில் சுற்றிப் போய் பஸ் ஏறினாள். புரட்டாசி முதல் வாரத்தில் ஒருவர் பைக்கைத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு, பூத்திருந்த மல்லாட்டையைத் துவைத்துக்கொண்டு குறுக்கே வந்தார். யாரையும் வழி கேட்கவில்லை. கையில் சிறப்புப் பிரிவின் நோட்டீஸ் இருந்தது.

ஆகாயப் படத்தை ஆய்வு செய்ததில், புதுத் தெருவின் நட்ட நடுவில் ஒரு வீடு கட்டப்பட்டு, தெரு ஆக்கிரமிக்கப்பட்டிருப்பது தெரியவந்துள்ளது. கதவு எண் 1-இல் வசிப்பவர் பதினைந்து நாளில் அந்த ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். சாரம் அவ்வளவுதான்.

பச்சைமுத்து கோகுலகிருஷ்ணனிடம் ஓடினார். கோகுலகிருஷ்ணன் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

"பேஜாரா போச்சே. தெருவே இல்லன்னு எழுதிக் குடுத்துடேன். வூடு தப்பிச்சிக்கும்."

"குடுத்துடறேங்க."

"இரு, இரு. தெரு இல்லன்னு நீயே எழுதிக் குடுத்தா, உன் பொண்ணு சர்ட்டிபிகேட்டு பொய்யின்னு ஆயிடும். பொய் சர்ட்டிபிகேட்டு குடுத்து சேந்தவள காலேஜில வச்சிக்குவாங்களா?"

"அப்ப தெரு இருக்குதுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு. வூட்ட இடிப்பாங்க."

பச்சைமுத்து அன்றைக்குச் சோறு தின்னவில்லை. சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். கடன் வாங்கி, தாமே சித்தாள் வேலை பார்த்துக் கட்டிய வீடு. மகளோ போனில், ஊசி போடப் பழகுகிறோம், முதலில் பஞ்சு பொம்மைக்குப் போட்டோம் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறாள். இரண்டில் எதை விடுவது?

இதற்கிடையில் விஷயம் சக்கரபாணி காதுக்குப் போய்விட்டது. அவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"யோவ், எங்கொல்லில தெரு போட நீ யாருய்யா? இருபதடியாமே! எத்தினி செடி போவும் தெரியுமா?"

"நான் போடலண்ணா. அந்த ஆபீசர் எலியப் புடிச்சி இழுத்தாரு, அது வந்துடுச்சி."

"எலிய உட்டு இழுத்தா தெரு வருமா? எங்கிட்டயே கத வுடறியா?"

சண்டை வரப்பு மேலேயே கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு பாஞ்சாலி இரண்டு பேரையும் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். தெரு வந்தால் அவருக்குக் கொல்லை போகும், தங்களுக்கு வீடு போகும், தெரு இல்லை என்றால் பிள்ளைக்குப் படிப்பு போகும் என்று விளக்கினாள். சக்கரபாணி மோரைக் குடித்தார். கலைமதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். அப்புறம் எழுந்து போனார்.

பதினைந்தாம் நாள் தார் ரோட்டில் ஜீப் வந்து நின்றது. வேங்கடேசன், கோகுலகிருஷ்ணன், அளவுச் சங்கிலியோடு இரண்டு பேர், பின்னால் ஒரு பொக்லைன் வண்டி. ரோட்டு ஓரத்தில் சக்கரபாணி மண்வெட்டியோடு நின்றிருந்தார். கிழக்கு வரப்பில் சுற்றிக்கொண்டு பச்சைமுத்துவும் பாஞ்சாலியும் வந்து சேர்ந்தார்கள்.

வேங்கடேசன் பச்சைப் பசேலென்று கிடந்த கொல்லையைப் பார்த்தார். கையிலிருந்த படத்தையும் பார்த்தார். படத்தில் தெரு இருந்தது.

"தெரு எங்கய்யா?"

பச்சைமுத்து பாஞ்சாலியைப் பார்த்தார்.

"கேக்கறேன் இல்ல? தெரு இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

பச்சைமுத்து வாயைத் திறப்பதற்குள் பாஞ்சாலி முந்திக்கொண்டாள். "இருக்குதுங்க. எங்க போவும்? நீங்க நிக்கற எடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. இப்ப வெதச்சிருக்குது. மல்லாட்ட புடுங்கனதும் வெளிய வரும். அப்ப வந்து அளங்க."

"தெரு எப்படிம்மா பயிர்ல இருக்கும்?"

"எங்களுக்கு எப்பவுமே அப்பிடித்தாங்க. ஊர்ல யார வேணா கேளுங்க."

வேங்கடேசன் கோகுலகிருஷ்ணனைப் பார்த்தார். கோகுலகிருஷ்ணன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கம்ப்யூட்டரைக் கேட்காமல் பதில் சொன்னார். "உண்மைதான் சார். கார்த்திகைக்கு அப்பறம் நானே அது வழியா நடந்து போயி சாப்ட்டிருக்கேன்."

சங்கிலிக்காரர் ஒருவர் கொல்லையில் கால் வைக்கப் போனார். சக்கரபாணி மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினார். "பூவு முடிஞ்சி விழுது எறங்கற நேரம்ங்க. கால வச்சா காய் புடிக்காது. வச்சே ஆவணும்னா, பயிர நாசம் பண்ணது நான்தான்னு ஆபீசர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். எடுத்துக்கினு போயி விவசாய ஆபீசுல காட்டறேன்."

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் வேங்கடேசனின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இன்னொரு துறைக்குப் பதில் எழுதுவதைவிட வாழ்க்கையில் பெரிய கொடுமை இல்லை என்பதை முப்பது வருஷ சர்வீசில் அவர் கற்றிருந்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் உரக்கப் படித்தும் காட்டினார்.

"மேற்படி புதுத் தெரு நல்ல நிலையில் உள்ளது. தற்போது பயிரில் இருப்பதால் அளக்க இயலவில்லை. பயிர் நீங்கியபின் நடவடிக்கை எடுக்கப்படும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் நிர்வாகம். மக்களுக்கு எதிரா நாங்க ஒண்ணும் செய்யறதில்ல. செய்யற மாதிரி வந்தா தள்ளிப் போட்டுடுவோம்."

பொக்லைன் வண்டி திரும்புவதற்குத்தான் இடமில்லாமல் திண்டாடியது. தெரு ஒன்று இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜீப் போன பிறகு மூன்று பேரும் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கார்த்திகைல புடுங்கிடுவியே, அண்ணா," என்றார் பச்சைமுத்து.

"புடுங்காம? மறுநாளே ஏர் ஓட்டி உளுந்து வெதச்சிடுவேன். உளுந்து எடுத்தா எள்ளு. சும்மா போட்டா இல்ல அவனுக்குத் தெரு கண்ணுக்குத் தெரியும்? தண்ணிக்கு உன் மோட்டார உடு."

"எந்நேரமும் உடறேன்."

"பாப்பா படிப்பு எத்தினி வருசம்?"

"நாலு வருசம்ணா."

சக்கரபாணி தலையை ஆட்டினார். "இனிமே குறுக்க நடக்க முடியாது, தெரிஞ்சிக்க. உனக்கும்தான், எனக்கும்தான்."

அவர் சொன்னபடியே செய்தார். கார்த்திகையில் மல்லாட்டை வெளியே வந்தது, அதே ஈரத்தில் உளுந்து உள்ளே போனது. பாஞ்சாலி பால் கேனைத் தூக்கிக்கொண்டு தினமும் கிழக்கு வரப்பில் சுற்றிப் போனாள். மார்கழிப் பனியில் ஒரு நாள் வழுக்கி விழுந்து, விழுப்புரம் இருக்கும் திசையைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொன்னாள். விழுப்புரத்தில் கோப்பு பத்திரமாக இருந்தது. 'தெரு பயிரில் உள்ளது' என்று அதில் இன்னொரு வரி சேர்ந்தது.

பொங்கல் லீவுக்குக் கலைமதி வந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குள் கால் வைக்கப் போனாள். தை மாதத்தில் அந்த ரோட்டோரத்திலிருந்து வீட்டு வாசல் வரை அவள் சின்ன வயதிலிருந்து ஓடி வந்த வழி அது. எதிர்க்கோடியில் நின்ற பச்சைமுத்து அவளைப் பார்த்துவிட்டார். நான்கு மாதமாகப் பார்க்காத பிள்ளை. ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு கத்தினார்.

"உள்ள வராதமா! தெரு இப்பத்தான் பூ வச்சிக்கினு வருது! மிதிக்காத, சுத்தி வா!"

கலைமதி பூத்திருந்த உளுந்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கிழக்கு வரப்பில் ஏறி நடந்தாள்.